வாகனப் புகையைக் குறைக்க நகரங்களுக்கு முன்னுள்ள வழிகள்: எது முதலில், எது பிறகு?

நகரத்துக் காற்றை வாகனப் புகை கெடுக்கிறது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கார்களை நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் விதிக்கச் சொல்பவர்கள் உண்டு. பழைய வண்டிகளை ஒழித்தால் போதும் என்பவர்களும், எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தானே தீர்ந்துவிடும் என்பவர்களும், பேருந்தையும் ரயிலையும் பெருக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்பவர்களும் உண்டு. இவை ஒவ்வொன்றும் உலகில் எங்கோ ஒரு நகரத்தில் நடைமுறைக்கு வந்திருப்பதால், ஊகத்தை நம்பாமல் விளைவைப் பார்த்தே ஒப்பிட முடியும். மாநகராட்சி மன்றத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ இதைப் பற்றி ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டியவர்களை மனத்தில் கொண்டு இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

முதலில், குறைக்க வேண்டியது எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பெட்ரோல் இன்ஜினின் சைலன்சரிலிருந்து கார்பன் மோனாக்சைடும், முழுதாக எரியாத ஹைட்ரோகார்பன்களும், அவற்றோடு புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் வெளிவருகின்றன. டீசல் இன்ஜினைப் பொறுத்தவரை நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரித்துகள்களுமே பெரிய கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வரிசையில் சேர்த்தது. இவை தவிர, ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து தரையோரத்தில் ஓசோனாக மாறுகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் பல ஆண்டுகள் வாட்டிய புகைமூட்டத்தின் காரணம் இதுதான் என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் நிறுவினார். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டு வரம்புகளைக் கடுமையாக்கி, பிஎம் 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரியை ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகவும், நைட்ரஜன் டை ஆக்சைடின் சராசரியை 40இலிருந்து 10 ஆகவும் குறைத்தது. ஒரு வழி கரித்துகளைக் குறைத்துவிட்டு நைட்ரஜன் டை ஆக்சைடை அப்படியே விட்டுவிடலாம் என்பதை மறக்கக் கூடாது. பின்னால் பார்க்கப்போகும் சில தோல்விகளுக்கு இந்த மறதியே காரணம்.

இன்னொன்றையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்று குளிர்ந்துபோன ஒரு பெட்ரோல் காரைக் காலையில் கிளப்பும்போது, அதன் அடியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வெறும் உலோகக் கூடாகத்தான் இருக்கிறது. பீங்கான் தேன்கூட்டின் மேல் பூசப்பட்ட பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பிறகே வேலையைத் தொடங்குகின்றன; அதற்குப் பின் நச்சு வாயுக்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேயே சிதைந்துவிடும். அந்த முதல் ஓரிரு நிமிடங்களில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், சூடான பின்பு பல கிலோமீட்டர் ஓடினால் வருவதைவிட அதிகமாக இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும் இரண்டு கிலோமீட்டர்ப் பயணம், காகிதத்தில் சிறிய பயணமாகத் தெரிந்தாலும், புகைக் கணக்கில் சிறியதன்று. டீசலிலும் இதே கதைதான்: துகள் வடிகட்டியில் சேரும் கரி எரிந்து சுத்தமாக ஏறத்தாழ 600 பாகை சூடு வேண்டும், நகருக்குள் மட்டும் நின்று நின்று ஓடும் வண்டியில் அந்தச் சூடு எளிதில் வருவதில்லை.

ஆகவே வழிகளை எடைபோட நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். நெரிசல் மிகுந்த பகுதியில் ஓடும் எந்தக் கிலோமீட்டர்களை இது நீக்குகிறது, அல்லது எந்தக் கிலோமீட்டரின் புகையைக் குறைக்கிறது? பலன் எத்தனை நாளில் கிடைக்கும்? மக்கள் இதை எப்படிச் சுற்றிப்போவார்கள்? இதைச் செய்யும் அதிகாரம் நகரத்திடம் இருக்கிறதா, நாட்டு அரசிடம் இருக்கிறதா? வாகனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் முதல் கேள்வியிலேயே வழிதவறிவிடுகிறார்கள். வீட்டு வாசலில் நாள் முழுதும் நிற்கும் காரும், விடிகாலை முதல் நள்ளிரவு வரை ஓடும் சரக்கு வேனும் பதிவேட்டில் ஒவ்வொரு வண்டிதான். சாலையில் விடும் புகையில் அவற்றுக்கிடையே ஒப்பீடே இல்லை.

பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்துக் கார்களை நிறுத்தும் முறையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் காற்று மோசமாகும்போதெல்லாம் அரசியல்வாதிகளின் நினைவுக்கு முதலில் வருவது அதுதான். உத்தரவு போட்ட மறுநாளே சாலை காலியாகத் தெரியும், செலவு இல்லை, ஏழை பணக்காரர் என்ற பாகுபாடு இல்லாதது போலவும் தோன்றும். மெக்சிகோ நகரம் 1989 நவம்பரில் ஒவ்வொரு காரையும் வாரத்தில் ஒரு நாள் நிறுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சில மாதங்களுக்கு மட்டும் என்று தொடங்கியது நிலைத்துவிட்டது. லூகாஸ் டேவிஸ் என்ற பொருளியலாளர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், காற்றின் தரம் மேம்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, தடை நாளுக்கென்று பலர் இன்னொரு வண்டி வாங்கியிருந்தார்கள், அதிலும் பழைய வண்டிகளாக வாங்கியிருந்தார்கள். இரண்டாவது வண்டி வீட்டுக்கு வந்துவிட்டால் அது தடை நாளில் மட்டுமா ஓடும்?

டில்லி 2016 ஜனவரி 1 முதல் 15 வரை ஒற்றைப்படை, இரட்டைப்படை முறையைச் சோதித்தது. அதே ஆண்டு ஏப்ரலிலும் 2019 நவம்பரிலும் மீண்டும் கொண்டுவந்தது. இரண்டே வாரம் நடக்கும் திட்டத்துக்காக யாரும் புதிய கார் வாங்கமாட்டார்கள் என்பதால் மெக்சிகோவின் சிக்கல் அங்கே எழவில்லை. ஆனால் இருசக்கர வாகனங்களுக்கும், பெண்கள் ஓட்டும் கார்களுக்கும், 2016இல் எரிவாயுவில் ஓடுபவற்றுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. கான்பூர் ஐஐடி அந்நகருக்காகத் தயாரித்த மாசு மூலங்களின் கணக்கெடுப்பில், வாகனங்களால் வரும் நுண்துகளின் பெரும்பங்கு டிரக்குகளையும் இருசக்கர வாகனங்களையும் சேர்ந்தது; கார்களின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. அந்தப் பத்தில் ஒன்றில் பாதியை, விலக்குகள் போக மிஞ்சியதை, இரண்டு வாரம் நிறுத்தியதால் என்ன மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளிர்காலத்தில் காற்று அசையாமல் புகை தரையோடு தேங்கும் சில நாட்களுக்கு அவசரக் கதவாக இதை வைத்திருப்பதில் தவறில்லை. நிலையான கொள்கையாக இதற்கு என் வாக்கு இல்லை.

நுழைவுக் கட்டணம் இதற்கு நேர் எதிரானது. தொடக்கத்தில் எல்லோரும் எதிர்ப்பார்கள், நாள் ஆக ஆகப் பலன் தெரியும். சிங்கப்பூர் 1975இலேயே நகர மையத்துக்குள் காலை நேரத்தில் நுழையும் கார்களுக்கு உரிமக் கட்டணம் விதித்தது. 1998இல் அதை மின்னணு முறைக்கு மாற்றியது. எனினும் முடிவெடுப்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது ஸ்டாக்ஹோமின் அனுபவத்தைத்தான். அங்கே 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணம் சோதனையாக விதிக்கப்பட்டது. எல்லைக் கோட்டைக் கடக்கும் வாகனங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்து கட்டணம் நின்றதும் போக்குவரத்து பெருமளவு திரும்ப ஏறியது. சோதனைக்கு முன் பெரும்பான்மையோர் எதிர்த்த அதே நகரம், செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் சிறு பெரும்பான்மையோடு கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. 2007 ஆகஸ்டு முதல் அது நிரந்தரமானது. சிறு குழந்தைகளின் ஆஸ்துமா பாதிப்புகள் அந்நகரில் குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வொன்று கண்டது. முதலில் வாக்கெடுப்பு நடத்திப் பிறகு திட்டத்தைக் கொண்டுவர முயன்றிருந்தால் அது பிறக்கும் முன்பே இறந்திருக்கும்.

கட்டணத்தின் குறை அது எதைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. லண்டன் 2003 பிப்ரவரியில் கொண்டுவந்த நெரிசல் கட்டணத்தில், டீசல் காரும் பெட்ரோல் காரும், நேற்று வாங்கியதும் பதினைந்து ஆண்டு ஓடியதும் ஒரே தொகையைத்தான் கட்டின. நெரிசலைக் குறைப்பதே அதன் நோக்கம் என்பதால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. புகைக்காகக் கட்டணம் விதிக்கும் நகரம், புகைக்கு ஏற்ற கட்டணத்தை விதிக்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் குறை உமிழ்வு மண்டலம், அதாவது அதிகப் புகை விடும் வண்டிகளைத் தடுக்கும் அல்லது அவற்றுக்குக் கட்டணம் விதிக்கும் பகுதி, வருகிறது. பெர்லின், கொலோன், ஹனோவர் ஆகிய ஜெர்மானிய நகரங்கள் 2008 ஜனவரி 1 முதல், கண்ணாடியில் ஒட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை வில்லைகளைக் கொண்டு வண்டிகளைத் தரம் பிரித்தன. நாளடைவில் பச்சை வில்லை இல்லாதவை உள்ளே வர முடியாமல் போயிற்று. கரித்துகளைப் பொறுத்தவரை அது பயனளித்தது. ஆனால் வில்லையின் நிறம் கரித்துகளை வைத்தே முடிவாயிற்று. நைட்ரஜன் ஆக்சைடை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து நைட்ரஜன் டை ஆக்சைடு வரம்பைத் தாண்டியதற்காக அதே நாட்டு நகரங்கள் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. ஹாம்பர்க் 2018 மே மாதம் இரண்டு தெருக்களின் சில பகுதிகளில் மட்டும் பழைய டீசல் வண்டிகளைத் தடைசெய்தது. வண்டிகள் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப்போயின. அளவீட்டுக் கருவி இருக்கும் தெருவை மட்டும் சுத்தப்படுத்தும் இத்தகைய வேலையை மருத்துவம் என்று சொல்ல முடியாது.

லண்டனின் மீக்குறை உமிழ்வு மண்டலம் இதே எண்ணத்தை விரிவாகச் செய்து காட்டியது. 2019 ஏப்ரலில் நகர மையத்தில் தொடங்கி, 2021 அக்டோபரில் விரிந்து, 2023 ஆகஸ்டில் மாநகரம் முழுவதையும் தழுவியது. யூரோ என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகனப் புகைத் தரம்; எண் கூடக் கூட வரம்பு கடுமையாகும். பெட்ரோல் கார்கள் யூரோ 4 தரத்திலும் டீசல் கார்கள் யூரோ 6 தரத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. டீசலுக்கு இரண்டு படி கூடுதலாக வைத்ததில்தான் அதன் கூர்மை இருக்கிறது. இன்று அங்கே ஓடும் வண்டிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் தகுதியுள்ளவை; கட்டணம் கட்டுவோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் சுருங்குகிறது. இந்தத் திட்டத்திலிருந்து வருமானம் கொட்டும் என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுதிவைக்கும் நகரம் ஏமாந்துபோகும், ஏனென்றால் திட்டம் வெல்லும் அளவுக்கு வசூல் வற்றும்.

மண்டலங்களின் பலவீனம் சான்றிதழில் இருக்கிறது. வாகனத்தின் தரம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எழுதப்பட்டது. இன்று அதன் சைலன்சரில் என்ன வருகிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது. 2015 செப்டம்பரில் வெடித்த ஃபோக்ஸ்வேகன் விவகாரம் இதை உலகுக்குக் காட்டியது. சோதனைக் கூடத்தில் ஓடுகிறோம் என்று கண்டுகொண்டால் மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில் இருந்தது. சாலையில் சில வண்டிகள் அமெரிக்க வரம்பைப்போல் 40 மடங்கு வரை கக்கின. காகிதத்தில் டீசல் கார்களின் வரம்பு யூரோ 3இல் கிலோமீட்டருக்கு 0.50 கிராமிலிருந்து யூரோ 6இல் 0.08 கிராமாக இறங்கியிருந்தது. தெருவில் உள்ள காற்று அந்த வேகத்தில் இறங்காததற்கு விளக்கம் அப்போதுதான் கிடைத்தது. சாலையிலேயே கருவியைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கும் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கட்டாயமாக்கியது. யூரோ 5 டீசலைத் தாராளமாக உள்ளே விடும் மண்டலத்தை இனி எந்த நகரம் வரைந்தாலும், அது பழைய தவற்றைத் தெரிந்தே செய்வதாகும்.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு வழி: ஓடுகிற வண்டிகளைச் சரியாகச் சோதிப்பது. பல ஆண்டுகளாக அளவிட்டவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை, மொத்த வண்டிகளில் ஒரு சிறு பங்கே மொத்தப் புகையில் பெரும்பங்கைத் தருகிறது என்பது. டென்வர் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டெட்மன், சாலையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையைச் செலுத்தி, கடந்துபோகும் ஒவ்வொரு வண்டியின் புகையையும் நொடிப்பொழுதில் அளக்கும் கருவியை உருவாக்கினார். கார்பன் மோனாக்சைடில் ஏறத்தாழ பாதி, பத்தில் ஒன்றுக்கும் குறைவான வண்டிகளிலிருந்து வருவதை அது காட்டியது. பழுதான இன்ஜின், காலியாகிப்போன கன்வர்ட்டர், திருட்டுப்போன கன்வர்ட்டர், வேண்டுமென்றே குடைந்து எடுக்கப்பட்ட துகள் வடிகட்டி என்று காரணங்கள் பல.

ஆனால் பெரும்பாலான நாடுகளில் சான்று வழங்கும் புகைப் பரிசோதனை எப்படி நடக்கிறது? வண்டி நிற்கும் நிலையில் சைலன்சருக்குள் ஒரு குழாயை நுழைக்கிறார்கள். பெட்ரோல் வண்டி என்றால் இன்ஜின் வெறுமனே ஓடும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. டீசல் என்றால் ஆக்சிலரேட்டரை மிதித்து, வரும் புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அது தொடுவதே இல்லை. நவீன டீசல் இன்ஜினின் வடிகட்டியில் விரிசல் விழுந்திருந்தாலும் புகை கறுப்பாகத் தெரியாது என்பதால், கருமையை அளக்கும் கருவி அதைத் தகுதியுள்ளது என்றே சொல்லும். குழாயை உள்ளே விடாமலேயே சான்று அச்சாகிவிடும் இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு மாற்று இருக்கிறது, விலை உயர்ந்ததும் இல்லை. புகையிலுள்ள துகள்களின் எண்ணிக்கையை நேரடியாக எண்ணும் கருவியைக் கொண்டு டீசல் வண்டிகளைச் சோதிக்கும் முறையை பெல்ஜியம் 2022 ஜூலையிலும், நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், ஜெர்மனி 2023 ஜூலையிலும் தொடங்கின. இன்ஜின் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகளில் முடிந்துவிடும். ஒரு கன சென்டிமீட்டரில் 10 லட்சம் துகளுக்கு மேல் இருந்தால் நெதர்லாந்தில் தேர்ச்சி இல்லை; ஜெர்மனி அதை 2.5 லட்சமாகவே வைத்தது. நல்ல வடிகட்டி உள்ள வண்டி இந்த வரம்புகளுக்கு வெகு கீழே நிற்கும். குடைந்து எடுக்கப்பட்டது பல மடங்கு மேலே போகும். நடுவில் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. ஒப்பிடப்படும் வழிகளில், செலவழிக்கும் பணத்துக்கு மிக அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் கருத்து. அரசியலில் இதற்கு ஆதரவு திரட்டுவது எளிது என்பதும் சேர்ந்துகொள்கிறது: முறையாகப் பராமரிப்பவரை இது தொந்தரவு செய்வதில்லை.

எரிபொருளைச் சுத்தப்படுத்துவது ஆற்றலில் எல்லாவற்றுக்கும் மேலானது. ஒரே நாளில் பழைய வண்டி, புதிய வண்டி அனைத்தையும் அது தொட்டுவிடுகிறது. பெட்ரோலில் ஈயம் கலப்பது 2021இல் அல்ஜீரியாவோடு உலகெங்கும் முடிவுக்கு வந்தது. இந்தியா 2020 ஏப்ரலில் கந்தகத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்து, வாகனப் புகைக்கான பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) 4 தரத்திலிருந்து பிஎஸ் 5ஐத் தாண்டி நேரே பிஎஸ் 6க்குச் சென்றது. கந்தகம் குறையாமல் துகள் வடிகட்டியும் கன்வர்ட்டரும் நெடுநாள் உழைக்காது. ஆனால் இது நாட்டு அரசின் கையில் உள்ளது. நகரம் கோரிக்கை வைக்கலாம், முடிவெடுக்க முடியாது.

மின்சார வாகனம் என்றதும் எல்லோர் பார்வையும் தனியார் கார் மீதே போகிறது. அங்கே பொறுமை வேண்டும் என்பதற்கு நார்வேயைவிடச் சிறந்த சான்று இல்லை. 1990களிலிருந்தே வரிச்சலுகை கொடுத்துவரும் அந்நாட்டில், 2024இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதை நெருங்கியவை மின்சாரக் கார்கள். அப்படியிருந்தும், சாலையில் உள்ள மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களை முந்தியது 2024 செப்டம்பரில்தான். டீசல் கார்கள் அப்போதும் இரண்டையும்விட அதிகமாகவே இருந்தன. ஒரு கார் பதினைந்து, இருபது ஆண்டு ஓடும் என்பதால், விற்பனையில் வந்த மாற்றம் தெருவில் தெரிய அவ்வளவு காலம் பிடிக்கிறது. வசதியுள்ளவர் வாங்கும் இரண்டாவது காருக்கு மானியம் கொடுத்து அதைக் காற்றுச் சீர்திருத்தம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பேருந்து, வாடகைக் கார், சரக்கு வேன் ஆகியவற்றின் கணக்கே வேறு. இவை ஒவ்வொரு நாளும் நெரிசல் மிகுந்த பகுதியிலேயே ஓடுகின்றன, நின்று நின்று ஓடுகின்றன, இரவில் ஒரே பணிமனைக்குத் திரும்புகின்றன. நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் ஒரு டீசல் பேருந்தை மாற்றுவது, நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓடும் கார்களில் பத்தை மாற்றுவதற்குக் கிலோமீட்டர்க் கணக்கிலேயே சமம்; பெரிய இன்ஜினின் புகையைச் சேர்த்தால் இன்னும் கூடும். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 இறுதிக்குள் தன்னிடமிருந்த சுமார் 16,000 பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றியது. அதற்கு முன்பே, உச்ச நீதிமன்றம் 1998இல் இட்ட ஆணையின்படி டில்லி 2002 இறுதிக்குள் தன் பேருந்துகளை எரிவாயுவுக்கு மாற்றி, ஒரு நகரத்தின் பேருந்துகள் அனைத்தும் சில ஆண்டுகளில் மாற முடியும் என்று காட்டியது. அதன் பலனைப் பின்னர் பெருகிய தனியார் வண்டிகள் விழுங்கிவிட்டன என்பதும் அதே வரலாற்றின் பகுதி. மின்சாரத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் போதும். நிலக்கரியில் பிறக்கும் மின்சாரம் புகையை இடம் மாற்றுகிறது, ஒழிப்பதில்லை. ஆயினும் மூக்குக்கு நேரே வருவது குறைவதே தெருவில் நடப்பவருக்குப் பெரிய வேறுபாடு. டயரும் பிரேக்கும் தேய்ந்து வரும் துகள் மின்சார வண்டியிலும் உண்டு. வேகத்தை மின்மோட்டாரே குறைப்பதால் பிரேக் தூள் குறைகிறது, பேட்டரியின் எடையால் டயர்த் தேய்மானம் குறைவதில்லை. யூரோ 7 விதிகள் முதன்முறையாக பிரேக் துகளுக்கும் வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

சாலையின் அமைப்பையே மாற்றுவது எல்லாவற்றிலும் மெதுவானது என்று சொல்வார்கள். எப்போதும் அப்படி இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் 1977இல் நகர மையத்தை நான்காகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் நேரே போக முடியாதபடி ஒருவழிப் பலகைகளை மாற்றி வைத்தது. போக வேண்டுமானால் வட்டச் சாலைக்கு வெளியேறிச் சுற்றி வர வேண்டும். நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களுக்கு வழி திறந்தே இருந்தது. முன்பு சொன்ன அந்தக் குளிர்ந்த இன்ஜின் சிறு பயணங்களை, ஒரு கேமராவும் கட்டணமும் இல்லாமல், சுற்றுவழியே வெட்டிவிடுகிறது. மெட்ரோ ரயில் போன்ற பெருந்திட்டங்கள் தேவைதான்; ஆனால் பத்தாண்டுக்குப் பின் வரும் ரயிலைக் காட்டி இன்றைய முடிவை ஒத்திவைப்பதற்கு அவை சாக்காகக் கூடாது. பேருந்துக்குத் தனித் தடம் ஒதுக்குவதற்கு வண்ணமும் கறாரான கண்காணிப்பும் போதும். காற்றை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் கோபுரங்களை நாற்சந்தியில் நிறுத்துவதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை: திறந்த வெளியின் காற்றை வடிகட்டி முடிப்பதற்குள் அடுத்த சிக்னலின் புகை வந்துவிடும்.

யார் செலவைச் சுமப்பார்கள் என்ற கேள்வி எந்த வழியிலும் எழும். பழைய வண்டியை வைத்திருப்பவர் பெரும்பாலும் புதியதை வாங்க முடியாதவர். மண்டலம் அவரைத்தான் முதலில் தடுக்கிறது. அதே சமயம், பிரதான சாலையின் ஓரத்தில், ஜன்னலைத் திறந்தால் புகை வரும் வீட்டில் குடியிருப்பவரும் அநேகமாக வசதி குறைந்தவரே. லண்டனின் சவுத் சர்க்குலர் சாலை அருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசு அவளுடைய மரணத்துக்குக் காரணங்களில் ஒன்று என்று மரண விசாரணை அதிகாரி 2020 டிசம்பரில் பதிவுசெய்தார். ஆகையால் நியாயம் பார்ப்பவர்கள் வண்டி ஓட்டுபவரை மட்டும் தராசில் வைக்க முடியாது. பழைய வண்டியைக் கொடுத்தால் இழப்பீடு தருவது, சிறு வியாபாரியின் சரக்கு வண்டிக்குக் கூடுதல் காலம் தருவது, கட்டணத்தில் வரும் பணத்தைப் பேருந்துக்கே செலவிடுவது ஆகியவை மண்டலத்தோடு சேர்ந்தே அறிவிக்கப்பட வேண்டியவை; எதிர்ப்பு கிளம்பிய பிறகு அவசரமாகச் சேர்க்கப்படும் சலுகைகள் யாரையும் சமாதானப்படுத்துவதில்லை.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், குறைந்த பணமும் பெரிய ஆசையும் உள்ள ஒரு நகரம் பின்வரும் வரிசையில் போகலாம் என்று கருதுகிறேன். முதலாண்டிலேயே துகள் எண்ணும் கருவியை டீசல் வண்டிகளின் பரிசோதனைக்குக் கொண்டுவந்து, சாலையோர ஒளிக்கற்றைக் கருவியால் மோசமான வண்டிகளைப் பிடித்துப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டும். கூடவே பேருந்துத் தடங்களையும் பள்ளித் தெருக்களின் சுற்றுவழிகளையும் வரைந்துவிடலாம். மின்மயமாக்கலுக்கான பணம் பேருந்துக்கும் வாடகை வண்டிக்கும் சரக்கு வேனுக்கும் போகட்டும். குறை உமிழ்வு மண்டலம் பெரிதாக இருக்க வேண்டும், டீசலுக்குப் பெட்ரோலைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். அது நடைமுறைக்கு வந்து வண்டிகள் சுத்தமான பிறகு, அப்போதும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், நெரிசல் கட்டணத்தை ஸ்டாக்ஹோம் செய்ததுபோல் ஏழெட்டு மாதச் சோதனையாக விதித்து, பிறகு வாக்கெடுப்புக்கு விடலாம். சுற்றுவழியும் தனித் தடமும் ஏற்கெனவே இருக்கும் ஊரில் அந்தச் சோதனைக்கு எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்பதே இந்த வரிசைக்கு நான் தரும் முக்கியக் காரணம்.

மண்டலத்தின் தேதிகளை மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். அடுத்து எந்த வண்டி வாங்குவது என்று யோசிப்பவர் அந்தத் தேதியைப் பார்த்தே முடிவெடுப்பார், அபராதம் ஒன்றும் வசூலிக்காமலேயே பாதி வேலை நடந்துவிடும். அறிவிக்கும் நாளுக்கு ஓராண்டு முன்பாவது, மண்டலத்துக்குள்ளும், எல்லைக்கு வெளியே வண்டிகள் சுற்றிப்போகக்கூடிய தெருக்களிலும், நைட்ரஜன் டை ஆக்சைடையும் நுண்துகளையும் அளக்கும் கருவிகளைப் பொருத்திவிட வேண்டும். ஹாம்பர்க்கில் நடந்ததுபோல் புகை பக்கத்துத் தெருவுக்குப் போனதா, உண்மையில் குறைந்ததா என்பதைப் பிரித்தறிய அந்த வெளித்தெருக்களின் அளவீடுதான் உதவும்.